பெட்ரோல் டிராக்டரும் பேசா விரதமும்

டிசம்பர் 14, ஞாயிறு

உரக்கடையில் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த டைரி இது. பதினோரு மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. பால் சொசைட்டியில் இருபத்திரண்டு வருஷம் செயலாளராக இருந்து மினிட் புத்தகம் எழுதியவன் நான். எழுதத் தெரியாமல் இல்லை. எழுத அவசியம் வரவில்லை, அவ்வளவுதான்.

இன்றோடு என் மனைவி துளசிமணி என்னோடு பேசி பதினான்கு நாள். எனக்கு அதில் ஒரு கவலையும் இல்லை. கணக்கு தவறக் கூடாதே என்று குறித்து வைக்கிறேன்.

நடந்தது இதுதான். போன மாதம் முப்பதாம் தேதி என் சகலை ஈஸ்வரமூர்த்தியின் புது வீட்டுப் புண்ணியார்ச்சனை. பந்தி முடிந்து நாற்பது பேர் பந்தலடியில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் கொட்டகையில் பதினெட்டு வருஷமாக ஓடாமல் கிடக்கிற பழைய பெட்ரோல் டிராக்டரை இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றேன். துளசிமணி குறுக்கே வந்து, "அது நல்ல வண்டிங். டைமிங்தான் மாறிக் கெடக்குது. சரி பண்ணுனா ஓடும்" என்றாள். நான் சிரித்துக்கொண்டே, "இவளுக்கு என்ன தெரியும்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சகலை கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

அவள் அப்பா பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருந்தவர் என்பது உண்மை. கல்யாணமாகி வந்த புதிதில் இதே டிராக்டரை அவள்தான் ஓட்டினாள் என்பதும் உண்மை. அதற்காக நாற்பது பேர் முன்னால் என் பேச்சை மறித்துப் பேசலாமா?

மறுநாள் காலையில் "மோட்டாரை நிறுத்தியாச்சா?" என்று கேட்டேன். "எனக்கு என்னங் தெரியும்?" என்றாள். அதுதான் கடைசி.

டிசம்பர் 15, திங்கள்

வாய்க்கால் தண்ணீர் முறை. மஞ்சள் காட்டுக்குப் பாய்ச்சினேன். பதினைந்து நாள்.

டிசம்பர் 17, புதன்

பேச்சு நின்றது என்னோடு மட்டும்தான். எருமையோடு நிற்கவில்லை. பால் கறக்கும்போது நான் காது கேட்கிற தூரத்தில் இருக்கிறேனா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறாள்.

"ஏண்டி, அரிசிம்பருப்புச் சோறு ஆறிப் போவுது. திங்கறவிய வந்து திங்கலாம்."

நானும் எருமையைப் பார்த்து, "கை கழுவிட்டு வர்றேன்னு சொல்லு" என்றேன். எருமை அசை போட்டபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. இந்த வீட்டில் இப்போது அதற்குத்தான் மரியாதை அதிகம்.

சோறு நன்றாக இருந்தது. யாரிடம் சொல்வது?

டிசம்பர் 19, வெள்ளி

தீர்மானம் ஒன்று. டிராக்டரை நானே ஓட வைத்துக் காட்டுவது.

தீர்மானம் இரண்டு. கோளாறு டைமிங்கில் இல்லை, கார்புரேட்டரில்தான் என்று நிரூபிப்பது. நிரூபித்துவிட்டால் அவள் வாயைத் திறந்துதானே ஆக வேண்டும். திறக்காவிட்டாலும் பரவாயில்லை.

கொட்டகையைத் திறந்தேன். டிராக்டர் மேல் தேங்காய் மட்டையும் பழைய சாக்கும் குவிந்திருந்தன. சீட்டில் ஒரு கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. கோழியை எழுப்ப மனம் வரவில்லை, சீட்டைக் கழற்றிக் கோழியோடு அப்படியே மூலையில் வைத்தேன். தூசியைத் துடைத்ததும் அப்பா வாங்கிய நாளில் இருந்த சாம்பல் நிறம் வந்தது. டயர் இரண்டுதான் மோசம். எஞ்சின் ஹேண்டில் போட்டுச் சுற்றினால் சுற்றுகிறது.

சன்னல் வழியாக யாரோ பார்த்தது போலிருந்தது. யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் ஊறவைத்து, ஊதி, துடைத்து, மாட்டினேன். உள்ளே ஒரு குளவிக் கூடு இருந்தது. இதுதான் கோளாறு என்று எருமைக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். ஹேண்டில் போட்டேன். ஐம்பது சுற்று. ஒன்றும் இல்லை.

"குளவி பாவம்டி" என்று எருமைப் பக்கமிருந்து பதில் வந்தது.

டிசம்பர் 23, செவ்வாய்

கோபி டவுனுக்குப் போய் நான்கு புது பிளக் வாங்கி வந்தேன். கடைக்காரப் பையன் இந்த மாதிரி பிளக்கை இதுவரை பார்த்ததே இல்லையாம். பெட்டியின் அடியில் தேடி எடுத்துக் கொடுத்தான். மாட்டினேன். கிளம்பவில்லை.

டிசம்பர் 24, புதன்

காயிலும் கண்டன்சரும் புதிது. ஒரு பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். நீலப் பொறி பளிச்சென்று விழுந்தது. பெட்ரோல் வருகிறது, பொறியும் வருகிறது. பிறகு என்னதான் வேண்டும் இந்த வண்டிக்கு?

என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

டிசம்பர் 26, வெள்ளி

டீசல் மெக்கானிக் ரங்கசாமியை வரச் சொல்லியிருந்தேன். வந்து இரண்டு சுற்று சுற்றிப் பார்த்து, "இது நம்ம காலத்து வண்டி இல்லீங்ண்ணா. நமக்கு டீசல்தான் பழக்கம்" என்றார். காப்பி குடித்துவிட்டுப் போகும்போது, வாசலில் நின்ற துளசிமணியிடம், "அக்கா, டைமிங் எதாச்சும் மாறிக் கெடக்குதுங்களா?" என்று கேட்டார்.

"எனக்கு என்னங் தெரியும்?" என்றாள் சிரித்த முகமாக. ஊரில் எல்லோரிடமும் சிரித்த முகமாகத்தான் இருக்கிறாள்.

டிசம்பர் 28, ஞாயிறு

சரி. டைமிங் பார்ப்பதில் தப்பில்லை. அது சரியாகத்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டால் வேறு வேலையைப் பார்க்கலாம்.

விஷயம் சுலபம். பிஸ்டன் மேலே வந்து பெட்ரோல் காற்றை அழுத்தி முடிக்கிற சமயத்தில் பிளக்கில் பொறி விழ வேண்டும். பொறி பிந்தினால் வண்டிக்கு இழுப்பு இருக்காது. முந்தினால் பிஸ்டன் ஏறுகிறபோதே வெடித்து எஞ்சினைப் பின்னுக்குத் தள்ளும். எஞ்சின் முன்னால் சுழல்கிற புல்லியில் ஒரு அடையாளம் இருக்கும். அது எதிரில் இருக்கிற முள்ளுக்கு நேராக வரும்போது பொறி விழும்படி, பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைக்க வேண்டும்.

புல்லியில் வெள்ளைக் கோடு தெளிவாகவே இருக்கிறது. மூன்று கோடு, நடுவில் இருப்பதுதான் அடையாளம். போன முறை நான் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் மாற்றியபோதும் இதைப் பார்த்துத்தான் வைத்தேன். இப்போதும் அதே கோட்டுக்கு முடி பிசகாமல் வைத்தேன். ஆகவே டைமிங்கில் கோளாறு இல்லை.

ஹேண்டிலை இழுத்துச் சுற்றினேன். டமார் என்று ஒரு சத்தம். ஹேண்டில் எதிர்ப்பக்கம் திரும்பி என் மணிக்கட்டில் அடித்தது. நான் போய்த் தேங்காய் மட்டை மேல் விழுந்தேன்.

துளசிமணி ஓடி வந்தாள். சமையலறையிலிருந்து கொட்டகை எண்பதடி இருக்கும். அவளுக்கு முழங்கால் வலி, நடந்தாலே நொண்டுவாள். ஓடி வந்தாள் என்பதைக் குறித்து வைக்கிறேன். கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். எலும்பு முறியவில்லை என்று தெரிந்ததும் முகம் பழையபடி ஆகிவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துச் சூடாகப் பற்றுப் போட்டு, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினாள். கட்டி முடிக்கும்வரை ஒரு வார்த்தை இல்லை. இருபத்தெட்டு நாள்.

கட்டு போடப் பதினைந்து நிமிஷம் ஆனது. வலி இருந்தது. ஆனாலும் சீக்கிரம் முடிந்துவிட்டது போலிருந்தது.

டிசம்பர் 29, திங்கள்

நேற்றிலிருந்து இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறியது போல் இருக்கிறது.

ஜனவரி 1, வியாழன்

புது வருஷம், புது டைரி. அதே உரக்கடை. முப்பத்திரண்டு நாள்.

ஓசூரிலிருந்து மகள் வித்யா போன் செய்தாள். அவளிடம் அம்மா அரை மணி நேரம் பேசினாள். பிறகு போனை என் முன்னால் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். "அப்பா, அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டாத்தான் என்னங்ப்பா?" என்றாள் மகள். "என்ன கேக்கறது?" என்றேன். "டிராக்டரப் பத்தி." "அதான் நான் பாத்துக்கறேனே" என்றேன். போனில் அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. அவள் அம்மா விடுகிற மாதிரியே இருந்தது.

ஜனவரி 4, ஞாயிறு

ஒரு வாரமாக டிராக்டரின் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கோட்டில் வைத்தாலும் உதைக்கிறது என்றால் தப்பு எங்கே? பிஸ்டன் மேலே வருகிற இடத்தை நேரில் பார்த்தால்தான் தெரியும். அதற்கு ஒருவர் முன்னால் நின்று ஹேண்டிலை மெதுவாகச் சுற்ற வேண்டும், இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்த்து நிறுத்தச் சொல்ல வேண்டும். என்னிடம் இருப்பது ஒரே ஒரு கை.

ரங்கசாமியைக் கூப்பிடலாம். சகலை ஆள் அனுப்புவார், சொல்லியும் காட்டுவார். யோசித்தேன். மாலையில் அவள் பால் கறக்கும்போது போய் நின்றேன்.

"இன்னொரு ஆள் வேணுமாம். வெவரம் தெரிஞ்ச ஆள்" என்று எருமையிடம் சொன்னேன்.

பால் பீச்சுகிற சத்தம் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

ஜனவரி 5, திங்கள்

இதை விவரமாக எழுத வேண்டும்.

காலை பத்து மணிக்கு அவளே கொட்டகைக்கு வந்தாள். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நான்கு பிளக்கையும் கழற்றினாள். ரேடியேட்டர் பக்கமிருந்து முதல் ஓட்டையில் ஒரு பீப்பியை வைத்து, சுற்றிலும் துணியைத் திணித்தாள். திருவிழாவில் விற்பார்களே, பலூன் கட்டிய பீப்பி, அதில் பலூனைப் பிய்த்துவிட்டுக் கொண்டு வந்திருந்தாள். பிறகு ஹேண்டிலை என்னிடம் காட்டினாள். நான் இடது கையால் மெல்லச் சுற்றினேன். பிளக் இல்லாததால் லேசாகத்தான் சுற்றியது.

திடீரென்று எஞ்சின் பீ என்று பீப்பி ஊதியது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறுபத்தொரு வயதில் டிராக்டர் பீப்பி ஊதிக் கேட்கிறேன். பிஸ்டன் காற்றை அழுத்திக்கொண்டு ஏறுவதால் வருகிற சத்தம் அது. சும்மா ஏறுகிற சுற்றில் ஊதாது. அவள் பீப்பியை எடுத்துவிட்டு ஒரு ஈர்க்குச்சியை உள்ளே விட்டாள். குச்சி பிஸ்டன் தலையில் உட்கார்ந்தது. நான் சுற்றச் சுற்றக் குச்சி மேலே வந்தது.

புல்லியில் வெள்ளைக் கோடு முள்ளுக்கு நேராக வந்தது. நிறுத்தினேன். பெருமையோடு நிமிர்ந்து பார்த்தேன். அவள் குச்சியைப் பார்த்துக்கொண்டே விரலால் இன்னும் சுற்று என்று காட்டினாள். சுற்றினேன். குச்சி இன்னும் ஏறியது. கோடு முள்ளைத் தாண்டிப் போய்விட்டது, குச்சி ஏறிக்கொண்டே இருந்தது. கால் அங்குலம் ஏறிய பிறகுதான் நின்றது.

"நிறுத்துங்க" என்றாள்.

நிறுத்தினேன். கை மட்டுமல்ல, எல்லாம் நின்றுவிட்டது.

அவள் மண்ணெண்ணெய்த் துணியால் முள்ளுக்கு எதிரே புல்லியின் விளிம்பைத் துடைத்தாள். பிசுக்குக்கு அடியில் சின்னதாக ஒரு வெட்டு தெரிந்தது. அதுதான் கம்பெனி போட்ட அடையாளம். அப்படியானால் இந்த வெள்ளைக் கோடு என்ன?

அவள் மூன்று விரலைத் தன் நெற்றியில் குறுக்காக இழுத்துக் காட்டினாள்.

எனக்கு ஞாபகம் வந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆயுத பூஜை. வருஷா வருஷம் திருநீறு குழைத்துப் பட்டை போட வேண்டியிருக்கிறது, காய்ந்தால் உதிர்கிறது என்று, வாசல் கேட்டுக்கு அடித்து மீந்த வெள்ளைப் பெயின்டைத் தொட்டு மூன்று விரலால் புல்லியில் நிரந்தரமாகப் பட்டை போட்டது நான்தான். அடுத்த தை மாதம் பாயிண்ட் மாற்றியபோது அந்தத் திருநீற்றைப் பார்த்து டைமிங் வைத்ததும் நான்தான். அன்று முதல் வண்டி உதைத்தது. எஞ்சின் செத்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு டீசல் டிராக்டர் வாங்கியதும் நான்தான். சாமிக்குப் போட்ட பட்டையில் பதினெட்டு வருஷம் டைமிங் பார்த்த ஆள் தமிழ்நாட்டில் இன்னொருவர் இருக்க முடியாது.

துளசிமணி முகத்தை இறுக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். சமையலறையிலிருந்து அவள் தனியாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டும் அடக்க முடியாத சிரிப்பு. முப்பத்தாறு நாளில் இந்த வீட்டில் நான் கேட்ட நல்ல சத்தம் அதுதான். கொட்டகையில் நின்றபடி வெகுநேரம் கேட்டேன்.

ஒரு சந்தேகம். "நிறுத்துங்க" என்றது பேச்சில் சேருமா? அது வேலைச் சொல். சொசைட்டி மினிட்டாக இருந்தால் சேர்க்க மாட்டேன். ஆனால் "ங்க" போட்டுச் சொன்னாள்.

ஜனவரி 6, செவ்வாய்

சேர்க்கவில்லை. முப்பத்தேழு நாள்.

ஜனவரி 7, புதன்

வண்டி ஓடிவிட்டது.

பஸ் டிக்கெட்டை நீளவாக்கில் கிழித்து டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு பாயிண்டுக்கும் நடுவில் வைத்து அவள் லேசாக இழுத்துப் பிடித்தாள். நான் டிஸ்ட்ரிபியூட்டரை மெதுவாகத் திருப்பினேன். பாயிண்ட் மூடியிருக்கும்வரை டிக்கெட் வராது. திறக்கத் தொடங்கும்போது நழுவி வந்துவிடும். அந்த இடத்தில்தான் பொறி விழும். டிக்கெட் நழுவி அவள் கைக்கு வந்தது. "போதுங்" என்றாள். போல்ட்டை முறுக்கினேன்.

என் கையைத் தள்ளிவிட்டு ஹேண்டிலை அவளே பிடித்தாள். கட்டை விரலை மற்ற விரல்களோடு சேர்த்துவைத்துக்கொண்டு ஒரே இழுப்பு. எஞ்சின் இருமியது, வெள்ளைப் புகை விட்டது. பிறகு டப டப டப என்று நிதானமாக ஓட ஆரம்பித்தது. மூலையில் அடை காத்த கோழி குஞ்சுகளோடு எழுந்து ஓடியது. குஞ்சு பொரித்திருந்ததே எனக்குத் தெரியாது.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். புகை.

அவள் பானெட்டில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எஞ்சின் சத்தம் அதிகமாக இருந்ததால் சொல்லவில்லை.

ஜனவரி 8, வியாழன்

சத்தம் கேட்டு ஊரே வந்துவிட்டது. ரங்கசாமி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சகலை புது காரில் வந்து இறங்கி, "அண்ணா, கெட்டிக்காரருங்க நீங்க. பதினெட்டு வருஷத்துக் கோளாறக் கண்டுபுடிச்சிட்டீங்களே" என்றார்.

நான் என்ன சொன்னேன்? அப்படியே எழுதுகிறேன். "ஏதோ நமக்குத் தெரிஞ்சது" என்றேன்.

துளசிமணி எல்லோருக்கும் காப்பி கொண்டு வந்திருந்தாள். எனக்கு வைக்க வேண்டிய டம்ளரை சகலையிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குக் காப்பி வரவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

குழம்பில் உப்பு இல்லை. கேட்கிற நிலையில் நான் இல்லை. நாற்பது நாள்.

ஜனவரி 11, ஞாயிறு

இன்று எருமையிடமும் அவள் பேசவில்லை. இதுவரை அவளுக்கு என்மேல் கோபம் என்று நினைத்திருந்தேன். கோபம் இருந்தால் எருமை வழியாகவாவது வந்துவிடும். இது கோபமில்லை. அவளுக்கு மனசு விட்டுப்போய்விட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது. முப்பத்துநாலு வருஷத்தில் இப்படிப் பயந்ததில்லை.

பயத்தை ஒத்துக்கொண்ட பிறகு மற்றதையும் ஒத்துக்கொள்கிறேன். டிராக்டர் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அவள் பேச வேண்டும். "ஏனுங், இந்தச் சட்டையையா போட்டுட்டுப் போறீங்க" என்று கேட்க வேண்டும். வரகு தூற்றுவது முதல் வித்யா மாமியார் வரை எல்லாவற்றையும் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் அவள் பேச, நான் பாதியைக் காதில் வாங்காமல் சாப்பிட வேண்டும். அந்தப் பாதியையும் இனிமேல் வாங்கிக்கொள்கிறேன்.

ஜனவரி 13, செவ்வாய்

மன்னிப்புக் கேட்பது என்று தீர்மானம். எப்படிக் கேட்பது என்பதுதான் சிக்கல். இரண்டு நாளாகக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். சொசைட்டிக் கடிதம் மாதிரியே வருகிறது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் பொங்கியபோது அவள் கிழக்குப் பக்கம் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். சொல்ல வாயெடுத்தேன். வித்யாவும் மாப்பிள்ளையும் காரில் வந்து இறங்கினார்கள்.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். எருமைக்குக் கொம்பில் பச்சை பெயின்ட், கழுத்தில் மாலை. புது டயர் மாட்டிய டிராக்டரையும் கழுவி மாலை போட்டோம். இந்தத் தடவை திருநீற்றைக் குழைத்துத்தான் பூசினேன், பெயின்ட் தொடவில்லை.

நாளைக்குப் பூப்பறிக்கிற நோன்பு. பெண்டுபிள்ளைகள் எல்லாம் கட்டுச்சோறும் கரும்புமாக ஆற்றங்கரைக்குப் போய் ஆவாரம்பூப் பறித்துக் கும்மியடித்துவிட்டு வருவார்கள். எங்கள் டிராக்டரில் போகலாம் என்று வித்யா ஆரம்பித்துவிட்டாள். என் கை இன்னும் சரியாகாததால் துளசிமணிதான் ஓட்ட வேண்டும்.

எனக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. அவள் ஓட்டும்போது நான் பக்கத்தில் மட்கார்டில் உட்காருவேன். எஞ்சின் சத்தத்தில் பின்னால் டிரெய்லரில் இருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது. குனிந்து அவள் காதருகில் சொல்லிவிடலாம். நல்ல யோசனை.

ஜனவரி 17, சனி

நாற்பத்தெட்டாவது நாள். சரியாக ஒரு மண்டலம்.

மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பினோம். டிரெய்லரில் பதினேழு பெண்கள், சோற்றுப் பாத்திரங்கள், கரும்பு. துளசிமணி பச்சைச் சேலை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்திருந்தாள். கிளட்சை விட்டதும் வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நகர்ந்தது. முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால் ஓட்டிய அதே ஓட்டு. நான் மட்கார்டில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

வாய்க்கால் மேட்டில் ஏறியதும் குனிந்து சொன்னேன். "துளசி, அன்னிக்கு நான் சொன்னது தப்பு."

அவள் பாதையைப் பார்த்துக்கொண்டே காதைத் தொட்டுக் காட்டினாள். கேட்கவில்லையாம்.

கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். தலையை ஆட்டினாள். கேட்கவில்லை.

இன்னும் சத்தமாகச் சொன்னேன். மறுபடியும் காதைத் தொட்டாள். பின்னால் பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள் போலிருந்தது. எனக்கு எதையும் யோசிக்கிற நிலை இல்லை. வண்டி சகலை வீட்டுத் தெருவுக்குள் திரும்பியது. அவர் வீட்டுப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். வாசலில் நாற்காலி போட்டு ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. அங்கே போய் நின்றால் இன்றைக்குச் சொல்ல முடியாது. இன்றைக்கு விட்டால் என்றைக்குமே சொல்ல மாட்டேன். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினேன்.

பெட்ரோல் எஞ்சினில் ஒரு விசேஷம், சுவிட்சைத் தட்டினால் அந்த நொடியே அடங்கிவிடும். நான் கத்தத் தொடங்கினேன், அவள் தட்டிவிட்டாள்.

"எனக்குத்தான் ஒண்ணும் தெரியாது துளசி. உனக்குத்தான் தெரியும். திருநீத்துப் பட்டையில டைமிங் வெச்சவன் நான். கண்டுபுடிச்சது நீ. என்ற மேல தப்பு."

அமைதியான தெருவில் இது வாய்க்கால் மேடு வரை கேட்டிருக்கும். டிரெய்லரில் பதினேழு பேர், வாசலில் முப்பது பேர். சகலை கையில் காப்பி டம்ளரோடு அப்படியே நின்றார். கட்டின மாடுகூடத் திரும்பிப் பார்த்தது.

துளசிமணி ஸ்டீரிங்கில் கை வைத்தபடி என் பக்கம் திரும்பினாள்.

"இத மெதுவாவே சொல்லியிருக்கலாமுங்க" என்றாள். "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

முதலில் சிரித்தது வித்யா. பிறகு டிரெய்லர், பிறகு தெரு. பட்டை விவகாரம் என்ன என்று சகலை கேட்க, துளசிமணி சீட்டில் உட்கார்ந்தபடியே முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள். பீப்பி ஊதியதையும் விடவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ரங்கசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் போய்விட்டார். என் மானம் சுத்தமாகப் போய்விட்டது. இவ்வளவு சந்தோஷமாக மானம் போய் நான் பார்த்ததில்லை.

எஞ்சினை மறுபடி கிளப்ப ஆள் வேண்டுமே. "தம்பி, வந்து சுத்துங்க" என்றாள் சகலையைப் பார்த்து. அவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "பெருவெரல உள்ள மடக்காதீங்க, மத்த வெரலோட சேத்து வெய்யுங்க" என்று சொல்லிக் கொடுத்தாள். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு ஆற்றங்கரை போய்ச் சேரும்வரை பேசினாள். வித்யா இளைத்துவிட்டதையும், மஞ்சளுக்கு நான் ஒரு தண்ணீர் தவறவிட்டதையும், சகலை வீட்டுப் படிக்கட்டு சரியில்லாததையும், இந்தச் சட்டை எனக்கு எடுப்பாகவே இல்லை என்பதையும் பேசினாள். டப டப சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. கேட்கவில்லை என்று நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.